ஆளுக்கொரு சந்தா

என் அண்ணாவைப் பற்றி நல்லதாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தால் முதலில் அதை எழுதி முடித்துவிட்டு மற்றதற்கு வந்திருப்பேன். அவர் ரொறன்ரோவில் இருக்கிறார். நான் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாத ஒரு கட்டடத்தின் நாலாம் மாடியில் இருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் இவ்வளவு கடல் கிடப்பது நல்லதுக்குத்தான் என்று நான் நினைக்காத நாள் குறைவு.

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இணையத்தளம் கட்டினோம். செத்தவர்களின் திதியை உயிரோடு இருப்பவர்களுக்கு நினைவூட்டும் தளம். ஒருவர் எந்த மாதம் எந்தத் திதியில் போனார் என்று பதிந்துவிட்டால் போதும். ஒவ்வொரு வருடமும் அந்தத் திதி எந்தத் திகதியில் விழுகிறது என்று தளம் கணக்குப் பார்த்து முன்கூட்டியே குறுஞ்செய்தி அனுப்பும். ஐயரை ஒழுங்குசெய்யலாம், கோயிலில் மோட்ச அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கலாம். மாதச் சந்தா. வெளிநாட்டில் வேலையும் பனியுமாக ஓடித் திரியும் சனத்துக்கு இது தேவைதான், அதை நான் மறுக்கவில்லை. இது தன்னுடைய யோசனை என்று அண்ணா எல்லாரிடமும் சொல்லித் திரிவதைத்தான் மறுக்கிறேன்.

யோசனை அம்மாவுடையது. உண்மையில் அது யோசனைகூட இல்லை, மன்றாட்டம்.

அப்பா போய்ப் பல வருடம். அவருடைய திவசம் எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு வருடமும் இரண்டு நாள் நடக்கும். அம்மா வாக்கிய பஞ்சாங்கக்காரி. அண்ணா போகும் அங்கத்தைய கோயிலில் திருக்கணிதம். இரண்டு பஞ்சாங்கத்துக்கும் இடையில் சில மணித்தியால வித்தியாசம்தான், ஆனால் ஒரு திதி ஒரு நாள் தள்ளி விழ அது போதும். அம்மா இங்கே சமைத்துப் படைத்துப் பாத்திரமும் கழுவிவைத்த அடுத்த நாள் அண்ணா அங்கிருந்து ஃபோன் எடுப்பார். "இண்டைக்கெல்லோ அப்பான்ரை திவசம், அங்கை என்ன செய்தனீங்கள்?" என்று கேட்பார். நானும் விடமாட்டேன். நாளைப் பற்றித் தொடங்கிய சண்டை, கடைசிக் காலத்தில் அப்பாவை ஆஸ்பத்திரியில் யார் பார்த்தது என்பதில் போய் முடியும். அம்மா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் இருப்பார்.

ஒரு வருடம் அப்படி ஒரு சண்டைக்கு நடுவில் அம்மா ஸ்பீக்கரைப் போட்டார்.

"ரெண்டு பேரும் கேளுங்கோ. அப்பாவுக்குத்தான் ரெண்டு நாளாப் போச்சுது. எனக்கெண்டாலும் ஒரே நாளிலை சமையுங்கோ. வாக்கியமோ திருக்கணிதமோ, எதெண்டாலும் எனக்குச் சரி. ரெண்டு பேரும் ஒரே நாள் செய்யோணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அண்ணா அழுகிறார் என்று நினைத்தேன். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்த கடைசித் தடவை அதுவாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னார்: "அம்மா, இதிலை ஒரு பிஸ்னஸ் இருக்கு."

அவர் அங்கே ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலை. தொழில் தொடங்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கும் வார இறுதி வகுப்பு ஒன்றுக்கு அப்போது போய்வந்துகொண்டிருந்தார். நான் கொழும்பில் தலைமயிர் நரைக்கும்வரை மற்றவர்களின் கொம்பனிகளுக்குப் புரோகிராம் எழுதியவள். "நீ கட்டு, மிச்சத்தை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார். மிச்சம் என்றால் என்ன என்று அவர் சொல்லவும் இல்லை, பிறகு பார்க்கவும் இல்லை. நான் ஒத்துக்கொண்டது அம்மாவுக்காக. பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து ஒரு வேலை செய்யப்போகிறார்கள் என்று அவர் படிக்கட்டில் சந்திக்கிற எல்லாரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டார். பிறகு நான் எப்படி மாட்டேன் என்பது?

முதல் சண்டை எதில் கட்டுவது என்பதில் வந்தது. எனக்குக் கை பழகிய, எல்லாரும் பழசு என்று சொல்லுகிற புரோகிராம் மொழியில் கட்டலாம் என்றேன். உடைந்தால் எங்கே உடைந்தது என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியும். திதி பார்க்கிற தளத்துக்கு ஒரு ஆள் வருடத்தில் இரண்டு மூன்று தரம் வந்தால் பெரிய விடயம், அதற்கு ரொக்கெட் தேவையில்லை. அண்ணா இணையத்தில் யாரோ ஒரு பெடியன் கைகாலை ஆட்டி விளங்கப்படுத்தும் வீடியோ ஒன்றை அனுப்பினார். அந்தப் பெடியன் புகழ்ந்த சாமான் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. அதைக் கட்டியவர்களுக்கே அது முழுதாகப் புரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

"எல்லாரும் இப்ப இதுக்குத்தான் மாறுறாங்கள்."

"ஆர் அண்ணா எல்லாரும்?"

"நீ அப்டேற் ஆகோணும், பிள்ளை. உன்ரை காலம் வேற."

எனக்கு விசர் வந்தது. நான் பதில் அனுப்பவில்லை. என்னுடைய பழைய மொழியிலேயே தொடங்கி, முதல் பக்கம் ஓடத் தொடங்கிய பிறகு காட்டினேன். ஓடுகிறதைக் கண்டதும் அது தன்னுடைய தெரிவு என்று ஆட்களுக்குச் சொல்ல ஆரம்பித்தார். "பழசிலை போட்டால்தான் உறுதி" என்று அவர் யாருக்கோ பேசிய குரல் பதிவை எனக்கும் தவறுதலாக அனுப்பிவிட்டார். அதை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்தது நினைவூட்டல். அண்ணாவுக்கு ஃபோன் செயலி வேண்டும், திறந்தால் மணி அடிக்க வேண்டும், குத்துவிளக்கு எரிய வேண்டும். நான் வெறும் குறுஞ்செய்தி போதும் என்றேன். கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் எத்தனையோ பேர் கையில் இன்னும் பட்டன் வைத்த ஃபோன்தான் இருக்கிறது. அவர்களும் சாகிறார்கள், அவர்களுக்கும் திதி வருகிறது. இதில் நான் வென்றேன். வென்றதற்குத் தண்டனையாக, குறுஞ்செய்தி அனுப்பித்தரும் கொம்பனி ஒன்றின் பின்னால் நான்தான் அலைந்தேன். அங்கே இருந்தவன் நான் போகிற ஒவ்வொரு தரமும் "ஹெட்ட மிஸ், ஹெட்ட" என்று நாளைக்கு வரச் சொன்னான். அவனுடைய நாளை வர ஒரு மழைக்காலம் முழுவதும் பிடித்தது.

பிறகு பஞ்சாங்கம். திருக்கணிதத்துக்கு இந்தியாவில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி இலவசமாக விட்ட புரோகிராம் இருந்தது. வாக்கியத்துக்கு எனக்குக் கிடைத்தவை ஒன்றும் அச்சிட்ட பஞ்சாங்கத்தோடு ஒத்துவரவில்லை. அதைப் பார்த்துக் கையால் பதிய வேண்டியிருந்தது. அண்ணா வாக்கியமே வேண்டாம் என்றார்.

"சயன்ஸ் எது சரியெண்டு சொல்லுது. பிழையானதை ஏன் போடுறாய்?"

"அம்மாவும் பிழையோ?"

"அம்மாவை ஏன் இதுக்குள்ளை இழுக்கிறாய்?"

அம்மாவிடமிருந்து வந்த வேலைக்குள் அம்மாவை இழுக்கக் கூடாதாம். நான் இரண்டையும் போட்டேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க, நான் தட்டினேன். நாழிகை, விநாழிகை என்று அவர் வாசித்துக்கொண்டே போவார். நடுவில் சுபமுகூர்த்த நாள் வந்தால் நிறுத்தி, கலியாணம் கட்டாத என்னைக் கண்ணாடிக்கு மேலால் ஒரு பார்வை பார்ப்பார். "அந்த வரி தளத்துக்குத் தேவையில்லை அம்மா, நீங்கள் அடுத்ததுக்குப் போங்கோ" என்பேன். "தளத்துக்குத் தேவையில்லைத்தான்" என்பார். அந்த வேலை முழுவதிலும் நான் வாய்விட்டுச் சிரித்தது அந்தப் பின்னேரங்களில் மட்டும்தான்.

எல்லாவற்றிலும் பெரிய தெரிவு கடைசியில் வந்தது. பார்த்தால் சின்ன விடயம். சந்தா யாருடைய பெயரில்? ஆளுக்கா, குடும்பத்துக்கா?

நான் குடும்பத்துக்கு என்றேன். ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்கு. செத்தவரை ஒரு தரம் பதிய வேண்டும். எந்தப் பஞ்சாங்கம், எந்த ஊர் நேரம் என்று குடும்பம் ஒரு தரம் முடிவெடுக்க வேண்டும். அதன் பிறகு பிள்ளைகள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே நாளுக்குத்தான் செய்தி போகும். அம்மா கேட்டது அதுதானே? செத்த ஆள் ஒருவர் என்றால் தரவுத்தளத்திலும் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இதை நான் அவருக்குப் படம் கீறி அனுப்பினேன்.

அண்ணா ஆளுக்கு என்றார். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு, ஒவ்வொரு சந்தா. அவரவர் தங்களுடைய செத்தவர்களைப் பதிவார்கள், அவரவர் பஞ்சாங்கத்தைத் தெரிவுசெய்வார்கள்.

"ஒரு வீட்டிலை அஞ்சு பிள்ளையள் எண்டால் அஞ்சு சந்தா. நீ அதை ஒண்டாக்கச் சொல்லுறாய். இப்பிடிச் செய்தால் எப்பிடி வளருறது?"

"அஞ்சு பேருக்கும் அஞ்சு நாள் போனால்?"

"அது அவையின்ரை சுதந்திரம்."

இந்தக் கதை நடக்கும்போது அம்மா பக்கத்தில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் போட்டிருந்தது. "அப்ப என்னை ஆர் பதியிறது?" என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் பதியலாம் அம்மா. அதுதான் இதிலை வசதி" என்றார் அண்ணா.

அம்மா இலையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். நான் ஃபோனில் கத்தினேன். மேல்மாடிக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். கத்தி என்ன பயன்? வெளிநாட்டுக் கார்ட்டில் மாதாமாதம் சந்தா எடுப்பது இங்கிருந்து பெரிய தலையிடி என்று, கொம்பனியை அவருடைய பெயரில் அங்கே பதிந்திருந்தோம். அதைத் தெரிவுசெய்த அன்றைக்கே மற்ற எல்லாத் தெரிவும் அவர் கைக்குப் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு கணக்கு என்று கட்டினேன். நன்றாகவும் கட்டினேன். வேலையில் பழிவாங்க எனக்குத் தெரியாது.

தளத்தின் முதல் பக்கத்தில் அவர் என்ன போட்டார் தெரியுமா? அம்மாவின் படம். அதன் கீழே, "எனக்கென்றாலும் ஒரே நாளில் சமையுங்கள் - ஒரு தாயின் வேண்டுகோள்." அம்மா உயிரோடு வீட்டுக்குள் நடந்து திரியும்போதே. அதற்கும் கீழே சந்தாவில் சேரும் பொத்தான், ஆளுக்கு ஒன்று.

முதலில் சிக்கியது கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருந்த ஒரு குடும்பம். அண்ணன் தம்பிமார் ஐந்து பேர், ஒரே கூட்டுக் குடும்பம், ஐந்து பேரும் தனித்தனியாகச் சேர்ந்திருந்தார்கள். அண்ணா அந்த ஐந்தை எல்லாருக்கும் காட்டிப் புளுகினார். அவர்களுடைய தகப்பனின் திதி வந்தது. மூன்று பேருக்கு ஒரு நாளுக்கும் இரண்டு பேருக்கு அடுத்த நாளுக்கும் செய்தி போனது. மூத்தவர் ஃபோனில் போட்ட சத்தத்தில் நானே நேரில் போனேன். கடை நிறைய ஆட்கள். சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று எல்லாரும் சாமான் வாங்குவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

"ஒரே வீட்ல ஒரே அடுப்புல சமைக்கிறோம் மிஸ். மூணு பேருக்கு நேத்தாம், ரெண்டு பேருக்கு இன்னிக்காம். எங்கப்பா என்ன, தவணை முறையிலயா செத்தாரு?"

அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஐந்து பேரும் ஒரே பஞ்சாங்கத்தைத் தெரிவுசெய்தால் சரிவரும் என்று சொன்னேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

"அஞ்சு பேரும் ஒரே முடிவுக்கு வர்றதா இருந்தா நீங்க எதுக்கு மிஸ்? எங்க வூட்டுச் சண்டைய நாங்களே போட்டுக்குவோம். அதுக்குக் காசு வேற கட்டணுமா?"

ஐந்து பேரும் அன்றைக்கே விலகினார்கள். அவர் சொன்னதை ஒரு சொல் குறையாமல் அண்ணாவுக்குச் சொன்னேன். "அது எட்ஜ் கேஸ்" என்றார். நூற்றில் ஒருவருக்கு எப்போதாவது வரும் சிக்கலுக்குத்தான் எங்கள் தொழிலில் அப்படிச் சொல்வது. எங்கள் சனத்தில் பஞ்சாங்கச் சண்டை இல்லாத குடும்பம் ஒன்றைக் காட்டுங்கோ என்றேன். தனக்கு மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டார்.

அம்மா அந்த ஐப்பசியில் போனார். காலையில் தேத்தண்ணி குடித்தவர், தலை சுற்றுகிறது என்று சாய்ந்தார், அவ்வளவுதான். பக்கத்துக் கிளினிக்கில் இருந்து டொக்டர் படியேறி வந்து நேரத்தை எழுதித் தந்தார். எனக்கு அந்த நேரம் ஒன்றும் ஓடவில்லை. அண்ணாவுக்குச் சொன்னேன், அவர் வீறிட்டு அழுதார், நானும் அழுதேன். உடலைப் பதப்படுத்தி வைக்கும் மலர்ச்சாலைக்கு அம்மாவை ஏற்றிய பிறகு, வெளியே வாங்கில் இருந்தபோது அண்ணாவிடமிருந்து ஒரு சொல்லில் செய்தி வந்தது: "துவாதசி."

வாக்கியத்தில் அந்த நேரம் இன்னும் ஏகாதசி முடியவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், அந்த மாதத்தை அம்மா வாசிக்க நான்தான் பதிந்தேன். "ஏகாதசி" என்று திருப்பி அனுப்பினேன். அம்மா செத்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் எழுத்தில் பேசிய முதல் பேச்சு இது. அதில் ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. என்னிடமும் இல்லை, அவரிடமும் இல்லை.

அண்ணா வந்து கொள்ளி வைத்தார். முப்பத்தோராம் நாள்வரை என்னுடைய வீட்டில்தான் நின்றார். முகத்துவாரத்தில் அந்தியேட்டிக் கிரியை முடித்து வந்தோம். அந்த ஒரு மாதமும் நாங்கள் சாப்பாடு, தண்ணீர், வாசல் கதவின் திறப்பு இவற்றைப் பற்றி மட்டும்தான் கதைத்தோம். செத்தவரின் நினைவாகச் சனத்துக்குக் கொடுக்கும் புத்தகம்தான் கல்வெட்டு, அதை அடிக்கக் கொடுக்கும்போது மறுபடியும் வெடித்தது. கல்வெட்டில் திதி வெண்பா போடுவது வழக்கம், வெண்பாவுக்கு ஒரு திதிதான் வேண்டும். அவர் துவாதசி என்றார், நான் ஏகாதசி என்றேன். எழுதித் தர ஒத்துக்கொண்டவர் ஒரு கிழமை பார்த்துவிட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் முடிவெடுத்துச் சொல்லுங்கோ" என்று கையை விரித்தார். நாங்கள் முடிவெடுக்கவில்லை. திதி வெண்பா இல்லாமலே கல்வெட்டு அச்சாகி வந்தது. வந்த சனம் புரட்டிப் புரட்டித் தேடினார்கள். மறந்துவிட்டோம் என்று ஒருவருக்கு அண்ணா சொல்வது என் காதில் விழுந்தது. அவர் ஒன்றையும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை.

அவர் திரும்பிப் போய்ச் சில நாளில், வேறு ஏதோ பார்க்கத் தரவுத்தளத்தைத் திறந்தேன். அம்மாவின் பெயர் இரண்டு தரம் இருந்தது. ஒன்று நான் பதிந்தது, மற்றது அவர் பதிந்தது. பெயர் ஒன்று, ஊர் ஒன்று, செத்த நேரம் ஒன்று. திதி வேறு. எங்கள் தளத்துக்கு அந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பொம்பிளைகள். ஒருத்திக்கு நான் பிள்ளை, மற்றவளுக்கு அவர் பிள்ளை. நான் லப்டொப்பை மூடிவிட்டு அழுதேன். அம்மா போன நாளிலும் பார்க்க அதிகமாக அழுதேன்.

அவருடைய பதிவை நான் நினைத்தால் ஒரு நிமிடத்தில் மாற்றியிருக்கலாம். தரவுத்தளத்தின் திறப்பு என்னிடம்தான் இருந்தது. நான் மாற்றவில்லை. எவ்வளவு கோபம் இருந்தாலும் சந்தா கட்டுகிறவரின் பதிவில் கை வைக்கிற ஆள் நான் இல்லை. அதற்குப் பதிலாக அவரிடம் கேட்காமலே ஒரு புது வசதி கட்டினேன். ஒரே ஆளை இரண்டு பேர் பதிந்திருந்தால், ஒருவர் மற்றவருக்கு அழைப்பு அனுப்பலாம்: இருவரும் ஒரே நாளுக்கு வருவோம் என்று. மற்றவர் "ஏற்கிறேன்" என்று அழுத்தினால் இரண்டு பதிவும் ஒன்றாகிவிடும்.

இதிலும் ஒரு தெரிவு இருந்தது. ஒன்றானபின் யாருடைய நாள் நிற்பது? அழைத்தவருடைய நாளா, ஏற்றவருடைய நாளா? நான் அழைத்தவருடைய நாள் என்று வைத்தேன். எனக்குத் தெரியும், முதலில் அழைக்கப்போவது நான்தான்.

முதல் அழைப்பை அண்ணாவுக்கு அனுப்பினேன். அம்மாவின் பெயர், ஏகாதசி, கீழே ஒரு பொத்தான். அவர் அழுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு அழைப்பு வந்தது. அம்மாவின் பெயர், துவாதசி, கீழே அதே பொத்தான். கூடவே குரல் பதிவு: "நல்ல ஃபீச்சர் பிள்ளை. நீ அழுத்து."

நானும் அழுத்தவில்லை. அவருடைய அழைப்பு என் பக்கத்தில் நின்றது, என்னுடையது அவர் பக்கத்தில் நின்றது. மாதங்கள் போயின. மற்றச் சந்தாதாரர்கள் அந்த வசதியைப் பிடித்துக்கொண்டார்கள். தமக்கை அழைக்கத் தம்பி ஏற்றார், ஜெர்மனியில் இருந்து அழைக்க இரத்மலானையில் ஏற்றார்கள். ஒவ்வொரு நாளும் யாரோ இரண்டு பேர் ஒன்றாகிக்கொண்டிருந்தார்கள். நன்றி சொல்லி எழுதினார்கள். அண்ணா அந்தக் கடிதங்களை எடுத்து முதல் பக்கத்தில், அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் போட்டார். தளம் வளர்ந்தது. அம்மா மட்டும் அதில் இரண்டு பேராகவே இருந்தார்.

முதலாம் வருடத் திவசம் கிட்டியது. எனக்கு ஏகாதசிக்குச் செய்தி வந்தது, அவருக்கு அடுத்த நாளுக்குப் போயிருக்கும். ஒரு தரம் எடுத்துக் கதைப்போமா என்று யோசித்தேன். அவர் என்ன சொல்வார், அதற்கு நான் என்ன சொல்வேன் என்று எல்லாம் தலைக்குள் ஓடி முடிந்தது. எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. ஏகாதசி அன்று நான் தனியாகச் சமைத்தேன். அம்மாவுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலும் முருங்கையிலை வறையும் பருப்பும் பாயசமும் வைத்துப் படைத்தேன். காகத்துக்குப் பல்கனியில் வைத்தேன். பின்னேரம்வரை ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். அடிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் சந்தைக்குப் போய் மீன் வாங்கினேன். தற்செயலாக வாங்கினேன் என்று சொல்லமாட்டேன். அது அவருடைய துவாதசி என்று தெரிந்துதான் வாங்கினேன்.

பின்னேரம், அங்கே காலை. மீன் சட்டியில் பொரிந்துகொண்டிருக்க ஃபோன் அடித்தது, வீடியோ. வேலைக்குப் போகமுதலே படையலை முடித்திருக்கிறார். வேட்டியோடு நின்றார். பின்னால் அம்மாவின் படம், மாலை, வாழையிலை. அண்ணியும் பிள்ளைகளும் இலைக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றார்கள். ஃபோனைத் தூக்கிப் படத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினார். எனக்குக் கும்பிடத் தந்திருக்கிறார் என்று விளங்கியது. நான் கரண்டியோடு நின்றேன். அவருக்கு என் பின்னால் அடுப்புத் தெரிந்திருக்க வேண்டும்.

"என்ன அது?"

"மீன்."

"அம்மாவுக்கு இலை போட்டிருக்கு. நீ மீன் பொரிக்கிறாய்?"

"எனக்கு நேற்றே முடிஞ்சுது அண்ணா."

அவருடைய முகம் உடைந்தது. அவர் அழுவதை நான் அதற்கு முதல் இவ்வளவு கிட்டப் பார்த்ததில்லை. "அம்மா என்ன," என்றார், "உனக்கு வேற அம்மாவே? எனக்கு வேற அம்மாவே?"

"அப்பிடித்தானே கட்டச் சொன்னனீங்கள்" என்றேன்.

அண்ணி மெதுவாக அவர் கையிலிருந்து ஃபோனை வாங்கி, பிறகு கதைக்கிறோம் என்று சொல்லி வைத்தார். அந்த ஒரு வசனத்தை நான் ஒரு வருடமாக வாய்க்குள் வைத்திருந்தேன். சொல்லும்போது இனித்தது, பொய் சொல்லமாட்டேன். அடுப்பை நிற்பாட்டிவிட்டுக் குசினி நிலத்தில் இருந்தேன். அவர் பிழை, அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் நாள் ஒரு பிள்ளை தனியச் சமைத்தது, அடுத்த நாள் மற்றப் பிள்ளை தனியச் சமைத்தது. அம்மா கேட்ட அந்த ஒரு நாளில் ஒருவரும் சமைக்கவில்லை.